பதினாலாவது வரிசை

அத்தியாயம் 12

எர்வே பட்டியலை எழுதி முடித்துப் பேனாவை மூடினான். அவன் மனைவி ஓதில் மேசைக்கு எதிரே நின்று அதைத் தலைகீழாகப் படித்தாள். பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தோட்டம். நான்காவது வரியில் அவள் கண் நின்றுவிட்டது.

மேல்தோட்டம், மொந்தூஸ்: க்ளோவிஸ். மொந்தூஸ் அந்த மலைச்சரிவின் கறுப்புத் திராட்சை.

"க்ளோவிஸா?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"வேற யாரு? மொந்தூஸ் இலையைப் பாக்க அந்தக் கண்ணை விட்டா இந்தப் பள்ளத்தாக்குல வேற கண்ணு கிடையாது."

"பதினோரு வருஷமா நம்மளப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறவரு."

"அதனாலதான். சினேகிதன் கண்ண மூடிக்குவான். எதிரிதான் ஒழுங்காப் பாப்பான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். இடுப்பு வலித்தது போல. சிரிப்பு பாதியில் நின்றது. ஊன்றுகோல் இரண்டும் நாற்காலி முதுகில் சாய்ந்திருந்தன.

ஜூலை மூன்றாம் தேதி சரிவில் டிராக்டர் கவிழ்ந்து எர்வே அடியில் மாட்டியதையும், இடுப்பெலும்புக்குள் இரும்பு வைத்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்த ஒரு மாதம் தோட்டத்தை ஓதிலும் எர்வேயின் தம்பி ரெமியும்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சரியாகச் செய்தார்கள்.

அந்த ஒன்று என்ன என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

செடிக்கு நோய் கொண்டுவரும் தத்துப்பூச்சிக்குக் கோடையில் இரண்டு முறை மருந்து அடிக்க வேண்டும். விருப்பம் இருந்தால் அல்ல, சட்டம். முதல் முறை ஜூனில் எர்வே அடித்தான். இரண்டாம் முறை ஓதிலின் பங்காக வந்தது. கீழே இருக்கும் நான்கு துண்டுகளுக்கும் அடித்தாள். மேல்தோட்டத்துக்குப் போகும்போது ரெமி குறுக்கே நின்றான். தோட்டத்தின் ஓரத்தில் லிண்டன் மரங்கள் பூத்திருந்தன. அதனடியில் அவனுடைய தேனீப் பெட்டிகள் முப்பது. பூ கொட்டும் வரை ஒரு வாரம் பொறுக்கச் சொன்னான். பொறுத்தாள். அந்த வாரம் எர்வேக்குக் காய்ச்சல் ஏறியது, இடுப்பில் மறுபடி அறுவை செய்தார்கள். பிறகு மழை. பிறகு தேதி போய்விட்டது.

மருந்துக் குறிப்பேட்டில் ஓதில் எழுதினாள்: ஜூலை 9, காலை ஆறு மணி, மேல்தோட்டம். தன் கையெழுத்திலேயே எழுதினாள். எர்வே வீடு திரும்பியதும் முதலில் கேட்டது அந்தக் குறிப்பேட்டைத்தான். படித்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பதில் அவன் திட்டியிருந்தால் தேவலை.

"வேலைச் சட்டையப் போடு," என்றான் இப்போது. "எட்டு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க."

*

நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. பொன்மஞ்சள் நோய் என்று காகிதங்களில் எழுதுவார்கள். ஊரில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். 'அது' என்பார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அது வந்துவிட்டது, இன்னார் தோட்டத்தில் அது இருக்கிறதாம். மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. மதுவுக்கும் ஒன்றும் செய்யாது. செடியை மட்டும் தின்னும். அந்தச் செடியில் உட்கார்ந்த பூச்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். மருந்து கிடையாது. வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு தோட்டத்தில் ஐந்தில் ஒரு செடிக்கு வந்துவிட்டால் மீதி நான்கையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்வார்கள்.

அதனால் வருடத்தில் ஒரு நாள், அறுவடைக்கு முன்னால், ஊர் முழுவதும் வரிசை வரிசையாக நடக்கும். ஆளுக்கு ஒரு சுருள் மஞ்சள் நாடா. சந்தேகப்பட்ட செடியில் நாடாவைக் கட்டி, வரிசை எண்ணைத் தாளில் எழுத வேண்டும். யாரும் சொந்தத் தோட்டத்தில் நடக்கக் கூடாது. சொந்தக் கண் மன்னிக்கும் என்று ஊருக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை ஓதில் அந்த விதியை மீறினாள். எல்லாரும் பூசைக்கும் சந்தைக்கும் போயிருந்த நேரத்தில் தனியாக மேல்தோட்டம் ஏறினாள். பதினாலாவது வரிசையின் நடுவில் சிவப்பைப் பார்த்தாள். பெயரில் மஞ்சள் இருந்தாலும் கறுப்புத் திராட்சையில் அது சிவப்பாகத்தான் வரும். மூன்று செடி. இலைகள் சிவந்து, ஓரம் கீழே சுருண்டு, கைபட்டால் காகிதம் போலச் சத்தம் போட்டன. கிளைகள் இந்நேரம் பழுப்பேறி விறைப்பாக இருக்க வேண்டும். இவை பச்சையாக, ரப்பர் குழாய் போல வளைந்து தொங்கின. குலைகள் வற்றியிருந்தன.

கவாத்துக் கத்தரி இடுப்பில் இருந்தது. யோசிக்கவில்லை. சிவந்த கிளைகளை எல்லாம் அடியோடு நறுக்கினாள். வெட்டிய இடத்தின் வெள்ளை தெரியாமல் எச்சிலில் மண்ணைக் குழைத்துப் பூசினாள். கிளைகளைச் சாக்கில் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டாள். பச்சை விறகு, புகைந்துகொண்டே இருந்தது.

மற்ற வரிசைகளை அவள் பார்க்கவில்லை. பார்க்காதது இல்லாமல் போய்விடும் என்று யாரோ அவளுக்கு வாக்குக் கொடுத்தது போல நேரே இறங்கி வந்துவிட்டாள்.

*

அவளையும் ரெமியையும் எர்வே க்ளோவிஸின் இளந்தோட்டத்துக்குப் போட்டிருந்தான். மேல்தோட்டத்துக்கு நேர் கீழே, ஒரு கல் சுவர் மட்டும் நடுவே. நியாயம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எர்வேயின் எண்ணம்: அவன் நம்முடையதைப் பார்க்கட்டும், நாம் அவனுடையதைப் பார்ப்போம்.

மூன்று வயதுச் செடிகள். அதுவும் மொந்தூஸ்தான். அறுபத்தேழு வயதில் மனைவியை அடக்கம் செய்த வருடம் க்ளோவிஸ் இதை நட்டார். இந்த இலையுதிர்காலம்தான் முதல் அறுவடை. ஒவ்வொரு செடியின் காலிலும் களை பிடுங்கி, கம்பியில் கட்டிய முடிச்சு ஒன்றுபோல இருந்தது. ஓதில் குனிந்து இலைகளைப் புரட்டினாள். சுத்தம். அடுத்தது. சுத்தம். ஒவ்வொரு நல்ல செடியையும் பார்த்துவிட்டு மேலே சுவரைப் பார்த்தாள். தத்துப்பூச்சிக்குக் கல் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

"கீழ பாத்து நட," என்றான் ரெமி பக்கத்து வரிசையிலிருந்து. "மேலயே பாத்துட்டிருக்க."

"நீ உன் வேலையப் பாரு."

"ஊரே பாக்குது ஓதில். முகத்தக் கொஞ்சம் சரி பண்ணிக்க. சாவு வீட்டுக்கு வந்தவ மாதிரி இருக்க."

அவனுக்கு அவள் வெட்டியது தெரியாது. மருந்து அடிக்காதது மட்டும்தான் தெரியும். அதற்கே அவன் இரண்டு மாதமாகத் தேன் பாட்டில்களாகக் கொண்டுவந்து அலமாரியை நிரப்பிக்கொண்டிருந்தான். யாரும் அதைத் தொடவில்லை.

மேலே க்ளோவிஸின் நீலத் தொப்பி இலைகளுக்கு மேலே மெதுவாக நகர்ந்தது. இரண்டு வரிசை ஏறும், இரண்டு வரிசை இறங்கும். ஓதில் எண்ணினாள். எட்டு. பத்து. பன்னிரண்டு. வெயில் ஏறியது. கீழே நெடுஞ்சாலையின் இரைச்சல் ஆறு ஓடுவது போலக் கேட்டது. குளவிகள் பழுத்த குலைகளைத் தேடி அலைந்தன.

பதினாலு.

தொப்பி நின்றது.

அப்போதுதான் அவள் தன் தவறைப் பார்த்தாள். கீழேயிருந்து பார்த்தால் மேல்தோட்டம் ஒரு பச்சைச் சுவர். அந்தச் சுவரின் நடுவே ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாக வானம் தெரிந்தது. செடிக்கு எட்டுக் கிளை இருக்க வேண்டிய இடத்தில் அவள் இரண்டு விட்டிருந்தாள். சிவப்பை மறைக்கப் போய் வெளிச்சத்துக்கு வழி திறந்துவிட்டாள். செப்டம்பர் மாதத்தில் எந்தச் சம்சாரியும் இப்படி வெட்ட மாட்டான். இந்த ஊரில் நடை பழகிய எந்தக் குழந்தைக்கும் தெரியும்.

தொப்பி கீழே போனது. குனிந்திருக்கிறார். மண் பூசிய இடத்தை விரலால் துடைக்கிறார். அவள் பார்க்கவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்தது.

மஞ்சள் நாடா மேலே வருமா என்று பார்த்துக்கொண்டே நின்றாள். 

தொப்பி மேலே வந்தது. அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு நகர்ந்தது. நாடா இல்லை.

அதற்குப் பிறகு அவர் நடை மிகவும் மெதுவாகிவிட்டது. செடிக்குச் செடி நின்றார். வெயில் என்று ஓதில் நினைத்துக்கொண்டாள். வயது என்று நினைத்துக்கொண்டாள்.

*

மதியச் சாப்பாடு திராட்சை பிழியும் ஆலைக் கொட்டகைக்கு முன்னால். நீள மேசை, வெள்ளை மதுவில் வெந்த தியோ என்னும் பன்றிக்கறி சாஸேஜ், பொலெந்தா என்னும் சோளக்களி, பாலாடைக்கட்டி. இதற்காகவே நடக்க வருகிறவர்களும் உண்டு. வருடா வருடம் சமைப்பது எர்வே வீடு. ஓதில் காலையிலேயே எல்லாவற்றையும் அடுப்பில் வைத்துவிட்டுத்தான் போயிருந்தாள், இப்போது பரிமாறினாள். க்ளோவிஸையே பார்த்துக்கொண்டிருந்ததில் குழம்பு ஒரு கிழவியின் மடியில் தெறித்தது. புருஷன் நடக்க ஆரம்பிச்சதும் இவளுக்குக் கைகால் ஓடல பாரு என்று கிழவி சொல்ல, மேசை முழுவதும் சிரித்தது.

நோயைக் கண்காணிக்கும் கூட்டமைப்பிலிருந்து வந்திருந்த மாயெல் என்கிற பெண் தாள்களைச் சேகரித்தாள். இருபத்தேழு வயது இருக்கும். காதுக்குப் பின்னால் பென்சில். ஒவ்வொரு தோட்டமாகச் சத்தமாகப் படித்தாள். ஆற்றோரத் தோட்டத்தில் இரண்டு செடி. தேவாலயத்துக்குப் பின்னால் ஒன்று. க்ளோவிஸின் இளந்தோட்டத்தில் எதுவும் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். க்ளோவிஸ் ரொட்டியால் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"மேல்தோட்டம்," என்று மாயெல் தாளைப் புரட்டினாள். "எதுவும் இல்லை."

எர்வே கண்ணை மூடினான். நாற்காலியில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தான். எழுபது வருடத்துக்கு முன் அவன் தந்தை கடப்பாரையால் குழி தோண்டி நட்ட செடிகள் அவை. அவன் வீட்டு மதுவுக்கு ஊருக்கு வெளியே பேர் இருந்தால் அது அந்தப் பதினெட்டு வரிசையால்தான். அவன் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கி, மேசையின் அந்தக் கோடிக்கு, க்ளோவிஸுக்கு நேராக நீட்டினான். பதினோரு வருடத்தில் முதல் தடவை. வாய்க்கால் தண்ணீருக்காக இரண்டு வீடும் நீதிமன்றம் போன பிறகு இதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை.

க்ளோவிஸ் கோப்பையைப் பார்த்தார். எர்வேயைப் பார்க்கவில்லை, ஓதிலைப் பார்த்தார். பிறகு எழுந்து, கை கழுவ வேண்டும் என்று சொல்லிக் குழாயடிக்குப் போனார்.

"கெழட்டுக் கழுதை," என்றான் எர்வே. கோபம் இல்லை. இன்று அவனுக்கு யார் மேலும் கோபம் வராது.

ஓதில் காலித் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

குழாயடியில் தண்ணீர் திறந்திருந்தது. க்ளோவிஸ் கை கழுவவில்லை. காத்துக்கொண்டிருந்தார்.

"மண்ணு பூசியிருக்க," என்றார். "நல்ல வேலை. எங்க அப்பன் கன்னுக்குட்டியோட புண்ண மறைச்சு சந்தைல வித்தப்ப இப்படித்தான் பூசினான்."

ஓதில் தட்டுகளைத் தரையில் வைத்தாள்.

"எர்வேக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அதான பாத்தேன். அவன் முட்டாள்தான், ஆனா கள்ளன் கிடையாது."

"ஏன் நாடா கட்டல நீங்க?"

க்ளோவிஸ் கொட்டகைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். "நான் கட்டினா ஊரு என்ன சொல்லும்? வாய்க்கால் சண்டைக்குக் கிழவன் பழி தீத்துட்டான்னு சொல்லும். அந்தச் செடியெல்லாம் பிடுங்கி எரிக்கிற வரைக்கும் சொல்லும். அதுக்கப்புறமும் சொல்லும். நானே வெட்டிட்டேன்னுகூடச் சொல்லுவாங்க. அதனால நீ சொல்லணும் பொண்ணே. உன் வாயால."

"மூணே மூணு செடிதான்..."

"மூணா?" என்றார். தண்ணீரை நிறுத்தினார். "அந்த வரிசைய விட்டு வேற எங்கயும் பாத்தியா?"

அவள் குனிந்து தட்டுகளை மறுபடி எடுத்தாள்.

"நான் பாத்தேன். எண்ணவும் எண்ணினேன். எவ்வளவுன்னு நான் சொல்லமாட்டேன், நீயே போயி எண்ணு. வெறும் தாளக் குடுத்திருக்கேன் நான். இவ்வளவு வயசுல முதல் தடவ. ஆறு மணிக்கு அந்தப் பொண்ணு காகிதத்தையெல்லாம் எடுத்துட்டுக் கிளம்பிடும். அதுக்குள்ள சொல்லிடு. சொல்லலன்னா நான் சொல்லுவேன். ஊரு என்ன வேணா பேசிக்கட்டும்."

இரண்டடி போய் நின்றார்.

"மருந்து அடிச்சீங்கல்ல ஜூலைல?"

"அடிச்சோம்," என்றாள் ஓதில். அவளுக்கு முன்னால் அவள் வாய் சொல்லிவிட்டது.

"அப்ப எங்கிருந்து வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு கிழவர் போய்விட்டார்.

*

மூன்று மணிக்கு எல்லாரும் கலைந்தார்கள். மாயெல் மட்டும் ஊர் மன்ற அறையில் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஓதில் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள்.

எப்படித் தொடங்குவது என்று மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். எர்வே, உட்காரு. எர்வே, ஞாயித்துக்கிழமை நான். எர்வே, ஜூலைல நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப. எங்கே தொடங்கினாலும் கடைசியில் குறிப்பேட்டில் போய் நின்றது. வெட்டியதை அவன் மன்னித்துவிடுவான். பயத்தில் யாரும் செய்வதுதான். ஆனால் எழுதியது? அடிக்காத மருந்தை அடித்ததாக எழுதி, அதை அவன் படித்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டபோது சும்மா நின்றது? இந்த ஊரில் திருடியவன் இருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரியோடு ஓடிப்போய்த் திரும்பி வந்தவன் இருக்கிறான். எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மருந்து அடிக்காமல் அடுத்தவன் தோட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தவன் யாரும் இல்லை. அப்படி ஒருவன் இருந்தால் அவனை என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. 

நான்கரைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். நாற்காலி காலி. ஊன்றுகோல் இல்லை. முற்றத்தில் ரெமியின் வண்டியும் இல்லை.

கைப்பேசியில் ரெமியைக் கூப்பிட்டாள். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"மேல," என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "கூட்டிட்டுப் போன்னு ஒரே பிடிவாதம். எதுவும் இல்லன்னு வந்துடுச்சு, என் செடிய நான் ஒரு தடவ பாக்கணும்னான். நான் என்னன்னு சொல்லித் தடுக்கறது?"

"என்ன பண்றாரு?"

மறுமுனையில் நாடா கிழியும் சத்தம் கேட்டது.

"ரெமி. என்ன பண்றாரு?"

"நீயே வந்து பாரு," என்றான்.

வண்டிச் சாலையில் போனால் சுற்று. ஓதில் கல் படிகளில் ஏறினாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. எதிர்ப்புறத்தில் பெல்தோன் சிகரங்களில் மட்டும் வெளிச்சம். மூச்சு வாங்க நிற்கவில்லை. ஒரு செருப்பு கழன்றது; விட்டுவிட்டு ஏறினாள். க்ளோவிஸின் இளந்தோட்டத்தைத் தாண்டும்போது கிழவர் அங்கே கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

சுவருக்கு மேல் தலை எழும்பியதும் முதலில் மஞ்சளைத்தான் பார்த்தாள்.

ஒன்று, இரண்டு, ஐந்து. எண்ண முடியவில்லை. காற்றில் நாடாக்கள் ஆடின. பதினாலாவது வரிசையோடு அவை நிற்கவில்லை. அதற்கு இந்தப் பக்கமும், அந்தப் பக்கமும்.

எர்வே தரையில் உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு, கையை ஊன்றிச் செடிக்குச் செடி நகர்ந்துகொண்டிருந்தான். இலையைப் பார்க்கவில்லை அவன். ஒவ்வொரு கிளையையும் இரண்டு விரலால் பிடித்து வளைத்துப் பார்த்தான். ரெமி பின்னாலேயே நாடாச் சுருளோடு நின்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாலு வரிசைல முப்பத்தொண்ணு," என்றான் எர்வே, அவளைப் பார்க்காமல். "நாலு வரிசைன்னா நூத்தி அறுபது செடி. இன்னொன்னு கெடைச்சா அஞ்சில ஒண்ணு. இன்னும் பதினாலு வரிசை பாக்கி."

அவள் அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"எர்வே, அந்த மூணு செடிய வெட்டினது நான்."

அவன் கை நின்றது.

"ஞாயித்துக்கிழமை பாத்தேன். பயந்துட்டேன். வெட்டி எரிச்சுட்டேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். சாம்பல் நிற மண் அவன் புருவம் வரைக்கும் ஒட்டியிருந்தது. அடிப்பானோ என்று ஒரு கணம் நினைத்தாள். இருபது வருடத்தில் அவன் கை ஓங்கியதில்லை. இன்று ஓங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"பைத்தியக்காரி," என்றான் கடைசியில். சத்தமே இல்லாமல். "எங்கிட்ட சொல்லக்கூடாதா? நான் படுத்துக் கெடந்தேன்னா செத்தா போயிட்டேன்?"

"சொல்லணும்னுதான் இப்ப..."

"சரி. அத விடு. நீ பயந்த. அவன் எதுக்கு மறைச்சான்?"

"யாரு?"

"க்ளோவிஸ். முப்பத்தொண்ணு. குருடன்கூடத் தடவிக் கண்டுபிடிப்பான். அவன் கண்ணுக்குத் தப்புமா? வெறும் தாளக் குடுத்துட்டுப் போறான். கோப்பைய நீட்டினா எந்திரிச்சுப் போறான்." அவன் பேச்சு வேகமெடுத்தது. "நான் இங்க உக்காந்து அதையேதான் யோசிச்சேன். நம்ம செடிக்கு அது எங்கிருந்து வந்துச்சு? ஜூன்ல நான் அடிச்சேன். ஜூலைல நீங்க அடிச்சீங்க. அடிச்சீங்கல்ல?"

லிண்டன் மரத்தடியில் தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அந்த ரீங்காரம் மட்டும் கேட்டது.

இங்கேதான் சொல்ல வேண்டும். இதற்குத்தான் ஏறி வந்தாள். ஓதில் ரெமியைப் பார்த்தாள். ரெமி நாடாச் சுருளைப் பார்த்தான்.

"அடிச்சோம்," என்றாள்.

"ஆமா," என்றான் ரெமி உடனே. "நானும் கூட இருந்தேன். ஒன்பதாம் தேதி."

அவள் அவனிடம் உதவி கேட்கவில்லை. ஒருத்தி சொன்ன பொய் இரண்டு பேரின் சாட்சியாகிவிட்டது. இனி அதைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் அவனையும் சேர்த்துத்தான் தள்ள வேண்டும்.

எர்வே தலையசைத்தான். கணக்கு சரியாக வந்தவன் போல. "அப்ப கீழேயிருந்துதான் வந்திருக்கு. இளஞ்செடில அது ரெண்டு மூணு வருஷம் வெளிய தெரியாம ஒளிஞ்சு கெடக்கும். அவன் மருந்து அடிக்கல. அதான் பாத்ததும் வாயப் பொத்திக்கிட்டான். நாடா கட்டினா முதல்ல அவன் தோட்டத்தத்தான் தோண்டிப் பாப்பாங்கன்னு தெரியும் அவனுக்கு."

"எர்வே, அப்படி அவசரப்பட்டு..."

"அவசரம் இல்ல. மாயெல்கிட்டப் பேசிட்டேன். பத்து நிமிஷம் ஆச்சு. வந்துட்டிருக்கா. அவனோட குறிப்பேட்டக் கேக்கச் சொல்லியிருக்கேன். இந்தச் செடியெல்லாம் போகும்னா போகட்டும், ஓதில். எங்க அப்பா நட்டது. ஆனா எவன் கையால போச்சுன்னு ஊருக்குத் தெரியணும்."

சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தான். கிளையை வளைத்தான். அது ஒடியாமல் வளைந்துகொண்டே போனது. கையை நீட்டினான்; ரெமி நாடா கிழித்துக் கொடுத்தான்.

ஓதில் எழுந்து நின்றாள். ஒரு காலில் செருப்பு இல்லை. கீழே, சுவருக்கு அப்பால், க்ளோவிஸ் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை தூரத்திலும் மஞ்சள் நாடாக்கள் அவருக்குத் தெரிந்திருக்கும். அவற்றின் நடுவே அவள் நிற்பதும், அவள் புருஷன் மண்ணில் உட்கார்ந்திருப்பதும். ஆறு மணி ஆக இன்னும் அரை மணி இருந்தது. அவள் சொல்லிவிட்டாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

கிழவர் தொப்பியைக் கழற்றினார். வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அப்படியே வைத்திருந்தார்.

மலைச்சாலையின் வளைவில் மாயெலின் சின்ன வெள்ளை வண்டி தெரிந்தது. அது மேலே ஏறவில்லை. க்ளோவிஸின் தோட்டத்துக்குத் திரும்பும் மண்பாதையில் இறங்கியது. கிழவருக்கு அது முதுகுப்பக்கம்.

ஓதிலும் கையை உயர்த்தினாள்.